இடது தொடையில் குண்டுச் சிதறல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு ஏப்ரலில், ஹாமெல்ன் நகர மண்டபத்தில் நடந்த சேகரிப்பாளர் சந்தையில், ஒரு பெண் என் மேஜைக்கு வந்து பழைய காகிதம் ஒன்றை நீட்டினாள். போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கறுப்புப் பதக்கத்தோடு கொடுக்கும் சான்றிதழ் அது. பத்து நிமிடம் பார்த்தேன். ஒரு சீட்டில் ‘போலி’ என்று எழுதி, என் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி அவள் கையில் கொடுத்தேன்.

பத்து நிமிடம் என்பதுகூட அதிகம். மண்டபத்துச் சமையல்கட்டில் பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வாங்கி வைத்துவிட்டு நண்பர் ஒருவர் அதற்குள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

நான் அப்போது தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வார நாட்களில் கடிதங்கள், சனி ஞாயிறுகளில் போர்க்காலச் சான்றிதழ்கள். முத்திரையும் மையும் தட்டச்சும் பழகிய கண் என்பதால் சேகரிப்பாளர்கள் என்னைத் தேடி வருவார்கள். பழைய சான்றிதழ்களைப் புதிதாகச் செய்து விற்கிறவர்கள் அந்தக் காலத்தில் பெருகிப்போயிருந்தார்கள். “ரீமன் ஒரு பார்வை பார்த்தாப் போதும்” என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்க எனக்கும் பிடித்திருந்தது.

அந்தக் காகிதத்தில் சந்தேகப்பட நிறையவே இருந்தது. அச்சடித்த படிவம் கிடையாது. பள்ளிக்கூட நோட்டுத் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள். குத்தியிருந்த முத்திரை ராணுவ மருத்துவமனையுடையது இல்லை, ஏதோ கிராம சபையுடையது. தேதி 1945 ஏப்ரல் 3. ஆல்டென்ரோடே ஊர்ப் பள்ளியில் இயங்கிய அந்த மருத்துவமனையோ மார்ச் 28ஆம் தேதியே காலி செய்துகொண்டு போய்விட்டதாக என் பட்டியல் சொன்னது. கீழே ‘ப்ராண்டிஸ்’ என்று கையெழுத்து. அந்தப் பெயரில் ராணுவ மருத்துவர் யாரும் என் புத்தகத்தில் இல்லை. போலி செய்கிறவர்களுக்குப் போரின் கடைசி வாரங்கள் என்றால் கொள்ளைப் பிரியம். எல்லாம் குழம்பிக் கிடந்த காலம், எப்படிச் செய்தாலும் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: சிப்பாய் ஹார்ட்வின் க்ராம். ஒருமுறை காயம். இடது தொடையில் குண்டுச் சிதறல்.

“அப்பாவுக்கு அடுத்த மாசம் அறுபதாவது பிறந்தநாள். சட்டம் போட்டு மாட்டலாம்னு அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்,” என்றாள் அந்தப் பெண்.

“சட்டத்துக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க,” என்றேன் நான்.

அவள் முகம் எப்படி மாறியது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற எந்தக் காகிதத்தையும் மண்டப வாசலில் இருந்த இயந்திரத்தில் நகல் எடுத்து, கொண்டுவந்தவர் முகவரியோடு கோப்பில் வைத்துக்கொள்வது என் வழக்கம். அதையும் அப்படியே வைத்துவிட்டு சூப் குடிக்கப் போனேன்.

பிறகு பத்தொன்பது வருடங்கள் அதை நினைக்கவே இல்லை.

இரண்டாயிரத்து ஆறு மார்ச்சில் கோஸ்லார் நகரத்திலிருந்து எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. அனுப்பியவர் இர்ம்கார்ட் ஸெல் என்ற எழுபத்தாறு வயது அம்மாள். கணவர் லோதர் இறந்து மூன்று மாதம் ஆகிறது, அவர் விட்டுப்போன காகிதங்களை எதை வைப்பது எதை எறிவது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இதுதான் பொழுது. சமையலறை மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்பினேன். வேலை அட்டை, திருமணப் பதிவு, மோட்டார் சைக்கிள் உரிமம். அவற்றுக்குக் கீழே நாலாக மடித்த ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாள்.

சிப்பாய் லோதர் ஸெல். ஒருமுறை காயம். இடது தொடையில் குண்டுச் சிதறல். ஆல்டென்ரோடே, 1945 ஏப்ரல் 4. ப்ராண்டிஸ்.

அந்தத் தட்டச்சில் ‘e’ எழுத்து எங்கு வந்தாலும் வரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. இதை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். நினைவுக்கு வந்தபோது கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

மாடி அறையில் கோப்புகளைக் கிளறி எண்பத்தேழின் நகலை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். அதே இறங்கிய ‘e’. கால் உடைந்த அதே ‘r’. அதே கிராம சபை முத்திரை, விளிம்பில் அதே இடத்தில் அதே தேய்மானம். இரண்டு குடும்பங்கள், ஒன்று ஹாமெல்னில், ஒன்று கோஸ்லாரில். ஒன்றையொன்று அறியாதவை. ஒரு காகிதம் சந்தைக்கு வந்தது, மற்றொன்று அறுபது வருடம் வீட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. போலி செய்கிறவன் ஒருவன் இப்படி ஒரு காகிதத்தை ஒரு வீட்டு அலமாரியின் அடியில் வைத்துவிட்டுப் போக முடியாது.

இர்ம்கார்ட் அம்மாளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“உங்க வீட்டுக்காரருக்குக் காயம் பட்ட கதை ஏதாவது சொல்லியிருக்காரா?”

“காயமா?” அம்மாள் சிரித்த சிரிப்பில் தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. “அந்த மனுஷன் உடம்புல ஒரு கீறல் கிடையாது. அம்பத்திரண்டு வருஷம் பக்கத்துலயே படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“காகிதத்துல இடது தொடைன்னு...”

“இடது தொடையும் கிடையாது, வலது தொடையும் கிடையாது. அது அந்த டாக்டர் பையன் பண்ணின வேலை. டாக்டர்னு சொல்லக்கூடாது, படிச்சுக்கிட்டே இருந்தவன். பெரிய டாக்டருங்க எல்லாம் வண்டி ஏறிப் போனதும், நகர முடியாத நோயாளிங்களைப் பாத்துக்கச் சொல்லி இவனை விட்டுட்டுப் போயிட்டாங்களாம். ஆத்துப் பாலத்தைக் காக்கன்னு பதினேழு வயசுப் பசங்களை அந்த ஊர் வழியா அனுப்பினாங்க. வயித்துவலி, காய்ச்சல்னு வந்த பசங்களையெல்லாம் இவன் படுக்கப் போட்டு, நல்ல கால்ல கட்டுப் போட்டு, காகிதத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கான்.”

“கட்டு மட்டும் போதாதா? எதுக்குப் பதக்கச் சான்றிதழ்?”

“நானும் லோதரை இதையேதான் கேட்டேன். வெறும் கட்டைப் பாத்தா ரோட்டுல நிக்கிற ராணுவப் போலீஸ் அவுத்துப் பாப்பானாம். பதக்கம் வாங்கின பையன்னா முதுகுல தட்டிக் கொடுத்து அனுப்பிடுவானாம். காயமில்லாம படையை விட்டுத் திரும்பினவங்களை மரத்துல தொங்கவிட்ட காலம் அது, ஹெர் ரீமன். பதினொரு பேருக்கு இப்படிக் கொடுத்தானாம். எங்காளு ஒன்பதாவது.”

நான் நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். மேஜையில் இரண்டு தாள்களும் கிடந்தன. நான் போலி என்ற காகிதம் உண்மை. அதில் எழுதியிருந்த காயம் பொய். முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன், இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

மறுநாளே ஹாமெல்னில் அந்த முகவரிக்குப் போனேன். கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால் எழுதிக் கொடுத்துத்தானே முதல் தடவை கெடுத்தேன்.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நரை கலந்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கெர்லிண்டே என்று பெயர், கண்ணாடிக் கடையில் வேலை என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

“என் பேர் எக்பர்ட் ரீமன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எண்பத்தேழுல...”

“நகர மண்டபம்,” என்றாள். “ஞாபகம் இல்லாம என்ன? உங்க கையெழுத்தே எனக்கு மனப்பாடம்.”

உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். “நான் தப்பாச் சொல்லிட்டேன். உங்க அப்பாவோட காகிதம் போலி இல்லை.”

அவள் கதவின் கைப்பிடியை விடவில்லை.

“இதைச் சொல்றதுக்கு உங்களுக்குப் பத்தொன்பது வருஷம் ஆச்சா?”

“நேத்துதான் தெரிஞ்சுது.”

“உள்ள வாங்க,” என்றாள்.

உட்காரச் சொன்னாளே தவிர அவள் உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்று பேசினாள். அன்று மண்டபத்திலிருந்து திரும்பியதும் காகிதத்தைச் சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிடத்தான் நினைத்தாளாம். ஆனால் அப்பா அதற்குள் தேடிவிட்டார். எங்கே போயிற்று என்று கேட்டபோது இவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “அது போலியாம்ப்பா, எழுதியே குடுத்துட்டாங்க” என்று சொல்லியிருக்கிறாள். அவர் அந்தத் தாளையும் என் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படியா” என்றார். தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

“ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தாக்கூட நான் அவரை நம்பியிருப்பேன்,” என்றாள். “அவர் பேசலை. அப்புறம் எனக்கு என்ன தோணும், சொல்லுங்க. போர்ல எங்க இருந்தோம்கிறதுக்கு ஒருத்தர் பொய்க் காகிதம் வெச்சிருந்தா, நிஜமா எங்க இருந்தார்? எதை மறைக்கிறார்? நம்ம நாட்டுல இதைக் கேக்காம இருக்க முடியுமா?”

எங்கள் தலைமுறையில் எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு மூலையில் இருந்தது.

“பெர்லின்ல இருக்கிற ராணுவப் பதிவு ஆபீசுக்கு எழுதிக் கேட்டேன். அந்தப் படைப் பிரிவோட தாளெல்லாம் எரிஞ்சு போச்சுன்னு பதில் வந்தது. வதை முகாம்களைப் பத்தி வந்த புத்தகங்கள்ல காவலாளிங்க படம் போட்டிருப்பாங்க இல்லையா, ஒவ்வொரு முகமா அவரைத் தேடியிருக்கேன். தொண்ணூத்து நாலுல பித்தப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருந்தார். அவர் தூங்கிட்டிருக்கும்போது இடது கையைத் தூக்கிப் பார்த்தேன்.”

அந்த முகாம்களைக் காத்த கறுப்புச் சீருடைப் படையில் இருந்தவர்களுக்கு இடது கையிடுக்கின் பக்கத்தில் ரத்த வகையைப் பச்சை குத்தியிருப்பார்கள். அதைத்தான் தேடியிருக்கிறாள்.

“ஒண்ணும் இல்லை. ஆனா அழிச்சிருக்கலாமேன்னு அப்பவும் தோணிச்சு. இதை நான் என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்லை. உங்ககிட்டச் சொல்றேன் பாருங்க.”

ஒரு கிண்ணம் சூப்புக்காக நான் அவசரப்பட்டதை அப்போது அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் திட்டவில்லை. தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“நிஜம்னா நிரூபிங்க.”

நான் கையோடு கொண்டுபோன புற ஊதா விளக்கைக் காட்டினேன். இருட்டு வேண்டும் என்றேன். நிலவறைக்கு அழைத்துப் போனாள். உருளைக்கிழங்கு மூட்டைக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவில் இருவரும் நின்றோம். அவள் விளக்கை அணைத்ததும் நான் என் விளக்கைப் போட்டேன். என் சட்டைக் கையின் விளிம்பு நீல வெள்ளையாகப் பளீரென்று எரிந்தது. சலவைத் தூளில் இருக்கும் வெளுப்பு மருந்து அது. போருக்குப் பிறகு செய்த காகிதங்களிலும் அதைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அவள் கையிலிருந்த நோட்டுத் தாள் மட்டும் ரொட்டித் துண்டு மாதிரி மங்கலாகவே கிடந்தது.

“இது பழைய காகிதம்,” என்றேன். “அன்னிக்கே இப்படி ஒரு இருட்டு மூலையில வெச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவள் இருட்டிலேயே அழுதாள். நான் விளக்கைப் போடவில்லை.

கொஞ்சம் தணிந்ததும் மீதியையும் சொன்னேன். லோதர் ஸெல்லைப் பற்றி, மருத்துவ மாணவனைப் பற்றி, பதினொரு பையன்களைப் பற்றி. நான் சொல்லி முடிப்பதற்குள் அவளே விளக்கைப் போட்டுவிட்டாள்.

“அப்போ காகிதம் நிஜம், காயம் பொய்யா?”

“உங்க அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கணும்.”

“சின்ன வயசுல ஆத்துல குளிக்கும்போது நானே கேட்டிருக்கேன், ‘தழும்பு எங்கப்பா?’ன்னு. ‘நல்லா ஆறிடுச்சு’ம்பார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மேல்கோட்டை எடுத்தாள். “வாங்க. நீங்களே வந்து சொல்லுங்க.”

ஹார்ட்வின் க்ராம் ஆற்றங்கரையில் தன் தோட்டத் துண்டில் இருந்தார். எழுபத்தொன்பது வயது ஆகப்போகிறவர். ஓடு பதிக்கும் தொழில் பார்த்தவர் என்பதால் முழங்கால் இரண்டும் வளைந்திருந்தன. உருளைக்கிழங்கு ஊன்றக் குழி எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமைதானே வருவே,” என்றார் மகளைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தார். “இது யாரு? ஆள் சேத்துக்கிட்டு வந்திருக்கே, உருளைக்கிழங்கு ஊன்றவா?”

“அப்பா, இவர்தான் ஹெர் ரீமன். உங்க காகிதத்தைப் போலின்னு எழுதினவர்.”

அவர் மண்வெட்டியை மண்ணில் குத்தி நிறுத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அதுக்கென்ன இப்போ? நீங்க சரியாத்தானே சொன்னீங்க.”

“இல்லை,” என்றேன். “தப்பாச் சொன்னேன். காகிதத்தை ப்ராண்டிஸ் தன் கையாலதான் கொடுத்தார். அவர் கொடுத்த இன்னொண்ணையும் இப்பப் பாத்துட்டேன்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் மெல்ல உட்கார்ந்தார்.

“இன்னொருத்தனும் பொழச்சானா?” என்று கேட்டார்.

லோதர் எழுபத்தெட்டு வயது வரை இருந்தார், போன டிசம்பரில்தான் இறந்தார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார்.

“எனக்கு வயித்துப்போக்கு. அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனா இவர் ஒருத்தர்தான் இருக்கார். ‘வயசு?’ன்னார். பதினேழுன்னேன். ‘உனக்கு இடது தொடையில குண்டுச் சிதறல், படு’ன்னார். ‘இல்லைங்க, எனக்கு வயிறுதான்’னேன். ‘நான் டாக்டரா, நீ டாக்டரா?’ன்னார். கட்டுப் போட்டார். பெஞ்சு மேல வாத்தியாரோட தட்டச்சு மெஷின் இருந்தது. ரெண்டு விரலால தட்டினார். தட்டும்போது, ‘நொண்டிக்கிட்டே போ, பாலத்துப் பக்கம் போகாதே’ன்னு சொன்னார்.”

“இதை ஏம்ப்பா எங்ககிட்டச் சொல்லலை?” என்றாள் கெர்லிண்டே. “வெக்கப்பட என்ன இருக்கு? குழந்தைப் பையன் நீங்க.”

“யோகென்,” என்றார் அவர்.

யோகென் அவளுடைய தாய்மாமன். அவள் பிறப்பதற்கு முன்பே, போரின் கடைசி மாதத்தில், பதினேழு வயதில் ஆற்றுப் பாலத்தில் செத்துப்போனவன். பாட்டி வீட்டுப் படத்தில் மட்டும் அவனைப் பார்த்திருக்கிறாள்.

“பள்ளிக்கூடத்துல நாங்க ஒரே பெஞ்சு, படையிலயும் ஒரே பிரிவு,” என்றார். “நான் உள்ள படுத்திருக்கேன். ஜன்னல் வழியா பாக்குறேன், அவன் வெளியில அடிகுழாய்ல தண்ணி குடிச்சிட்டிருக்கான். ஒரு குரல் கொடுத்திருந்தாப் போதும். ‘டேய், நீயும் வா, வயித்துவலின்னு சொல்லு.’ அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒரே வீதிப் பசங்க, ஒரே தொடையில காயம்னா யாராவது சந்தேகப்படுவாங்கன்னு பயந்துட்டேன். என் உசிரைப் பத்தி மட்டும் நெனச்சேன். மறுநாள் அவனைப் பாலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.”

ஆற்றில் சரக்குப் படகு ஒன்று போனது.

“போர் முடிஞ்சதும் நடந்ததைச் சொல்ல அவங்க வீட்டுக்குப் போனேன். அவங்கம்மா, ‘நீ எப்படிப்பா தப்பிச்சே?’ன்னாங்க. என்னத்தைச் சொல்ல? காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அந்தம்மா என் காலைத் தடவிக் கொடுத்தாங்க, லிண்டே. நல்ல காலை. பக்கத்துல உங்கம்மா நின்னுக்கிட்டிருந்தா. அதுக்கப்புறம் எப்படி வாயைத் திறப்பேன்? அவளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, அவ அண்ணனை விட்டுட்டு வந்தவன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல?”

“அம்மா போய் அஞ்சு வருஷம் ஆச்சேப்பா.”

“நீ போலின்னு வந்து சொன்னப்ப, சரிதான், கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். எனக்கு இது நல்லா வேணும்னு தோணிச்சு. பேசாம இருந்துட்டேன். பொய்யாக் காயம் சொன்ன கோழைன்னுதானே நெனப்பே, நெனச்சுக்கோன்னு விட்டுட்டேன்.”

“நான் அப்படி நெனக்கலை,” என்றாள் அவள்.

“பின்னே?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் விலகிப் போக எழுந்தேன். இருங்கள் என்று கையைக் காட்டினாள். பிறகு அவர் முன்னால் ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெர்லினுக்கு எழுதியது, புத்தகப் படங்களில் தேடியது, ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கிப் பார்த்தது.

கிழவர் வாளி மேலிருந்தபடியே அவள் பக்கம் குனிந்தார்.

“பத்தொன்பது வருஷமாவா?”

“ஆமாப்பா.”

“இதை மனசுல வெச்சுக்கிட்டா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கேக் எடுத்துக்கிட்டு வந்தே?”

“ஆமா.”

“ஒரு வாரம்கூட விடலையேம்மா நீ.”

“வராம இருக்க முடியலை,” என்றாள். “ஒவ்வொரு தடவையும் இன்னிக்குக் கேட்டுடணும்னுதான் வருவேன். நீங்க காபி போட்டுக் கொடுப்பீங்க. கேக்காமலே போயிடுவேன்.”

அவர் மண் ஒட்டிய கையை அவள் தலையில் வைத்தார். கழுவிவிட்டு வைத்திருக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும், உடனே எடுக்கப் பார்த்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தியின் மறுகோடிக்குப் போய், எனக்குத் தெரிந்த அளவுக்குக் குழி தோண்டினேன். கோணல் மாணலாகத்தான் வந்தது.

போகும்போது அவர் சொன்னார், “ஹெர் ரீமன், அறுவடையில உருளைக்கிழங்கு வளைஞ்சு வந்தா உங்களைத்தான் கேப்பேன்.”

பழைய சீட்டுக்குப் பதில் புதிதாக ஒன்று எழுதிக் கொடுப்பது என் கடமை. அதை எழுத ஒரு முழு வாரம் ஆயிற்று. காகிதம், தட்டச்சு, முத்திரை, கையெழுத்து எல்லாம் 1945 ஏப்ரலைச் சேர்ந்தவை, முந்தைய என் கருத்து தவறு, அதற்கு வருந்துகிறேன் என்று எழுதினேன். காயத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. நான் மருத்துவன் இல்லை.

ப்ராண்டிஸைத் தேடுவதுதான் மிச்சமிருந்தது. என் புத்தகத்தில் அவர் இல்லாததற்குக் காரணம் எளிது. அது தேர்ந்த மருத்துவர்களின் பட்டியல், அவர் படிப்பை முடித்திருக்கவில்லை. போருக்குப் பிந்தைய மருத்துவர் பட்டியல்களைப் புரட்டினேன். கொன்ராட் ப்ராண்டிஸ், 1948இல் பட்டம், ஓல்டென்பர்க்கில் குழந்தை மருத்துவர். 1983இல் இறந்திருக்கிறார். ஒரு மகள் அதே ஊரில் இருந்தாள்.

மே மாதம் ஹார்ட்வினுடைய பிறந்தநாளுக்கு இர்ம்கார்ட் அம்மாள் கோஸ்லாரிலிருந்து ரயிலில் வந்தார். நான்தான் நிலையத்திலிருந்து கூட்டிவந்தேன். உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“உங்களுக்கு எந்தக் கால்?” என்று ஹார்ட்வினைக் கேட்டார்.

“இடது.”

“எங்காளுக்கும் இடதுதான். பதினொரு பேருக்கும் ஒரே தொடையா! அந்தப் பையனுக்குக் கொஞ்சமாவது கற்பனை இருந்திருக்கக் கூடாதா?”

ஹார்ட்வின் சிரித்தார். கெர்லிண்டே காபிப் பாத்திரத்தோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னாள். இர்ம்கார்ட் அம்மாள் கேக் தின்றுகொண்டே லோதரைப் பற்றிச் சொன்னார். அவரும் வருடா வருடம் ஏப்ரல் வந்தால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டாராம். அவர் ஜன்னலுக்கு வெளியிலும் யாரோ ஒரு பையன் நின்றிருக்கிறான். அதைக் கேட்டு ஹார்ட்வின் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அம்மாள் தன் தட்டிலிருந்த பாதிக் கேக்கை அவர் தட்டுக்குத் தள்ளிவிட்டார்.

அன்று சாயங்காலம் ப்ராண்டிஸின் மகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். ஹார்ட்வின் சொல்லச் சொல்ல கெர்லிண்டே எழுதினாள்.

“‘உங்க அப்பா என் காலைப் பத்தி ஒரு பொய் சொன்னார்’னு ஆரம்பி.”

“இப்படியா ஆரம்பிப்பாங்க?” என்றார் இர்ம்கார்ட் அம்மாள். “அந்தப் பொண்ணு பயந்து கடிதத்தையே மூடிடப் போகுது. முதல்ல நலமான்னு கேளுங்க.”

மூன்று தாள் கிழிந்து நாலாவதில் கடிதம் முடிந்தது. மறுநாள் நான் தபால்தலை ஒட்டிப் போட்டேன்.

ஜூன் நடுவில் பதில் வந்தது. கெர்லிண்டே தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது அப்பாவும் மகளும் சமையலறை மேஜையில் இருந்தார்கள். கடிதத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். தன் தந்தை போரைப் பற்றி வாயே திறந்ததில்லை என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். இப்படி ஒன்று செய்தார் என்பது தங்களில் யாருக்கும் தெரியாது. கடிதத்தைத் தன் பிள்ளைகளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாளாம். வீடு குண்டில் எரிந்துபோனதால் இருபத்தைந்து வயதுக்கு முந்தைய அவருடைய படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. அந்த வயதில் அவர் பார்க்க எப்படி இருந்தார், உங்களால் சொல்ல முடியுமா என்று கடைசியில் கேட்டிருந்தாள்.

கெர்லிண்டே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஹார்ட்வின் கண்ணை மூடினார்.

“ஒல்லியா இருப்பார்,” என்றார். “காது ரெண்டும் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கும். எழுதிக்கோ. மோவாயில சரியா மழிக்காத முடி கொஞ்சம். நாலு நாளாத் தூங்காதவர் மாதிரி கண்ணு. கை மட்டும் ரொம்பச் சுத்தமா இருந்தது...”